பட்டம் ஒருத்தருக்கு, கோட்டை இன்னொருத்தருக்கு: மாமாவோடு ஸ்காட்லாந்தில்

ஜூன் 3, செவ்வாய். டல்லிபார்டின்

எடின்பரோவிலிருந்து வடக்கே கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நேராக மலைகளைப் பார்க்கப் போவார்கள். நாங்கள் போனது ஆக்டரார்டர் ஊருக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு சின்னக் கல் தேவாலயத்துக்கு. எல்லாம் மாமாவின் வேலை.

மாமா என்றால் மனைவியின் அப்பா. வருவாய்த் துறையில் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு லீவு கிடைக்காததால் நானும் அவரும் மட்டும் கிளம்பியிருந்தோம். நேற்று எடின்பரோ கோட்டையில் ஸ்காட்லாந்தின் தேசியப் போர் நினைவகத்தைப் பார்த்தோம். 1927இல் திறந்தது. அதற்காக முன்னின்று உழைத்தவர் 8ஆம் அதோல் டியூக் என்று படித்துச் சொன்னேன். சுவரில் செதுக்கிய ஆயிரம் விஷயங்களை விட்டுவிட்டு மாமா கேட்டது ஒன்றுதான்: “அவருக்கு வாரிசு யாரு மாப்ளே?”

பிள்ளை இல்லை, தம்பிக்குப் போனது என்றேன். “தம்பிக்கு?” தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. “அப்புறம்?” அந்த அப்புறத்தைத் தேடித்தான் இந்தப் பயணம் என்றாகிவிட்டது. ஏரி, நெஸ்ஸி, விஸ்கி ஆலை என்று நான் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் ஓரமாகப் போனது.

அதோல் டியூக் என்ற பிரபுப் பட்டம் 1703இல் வந்தது. கொடுத்தவர் ஆன் ராணி. குடும்பப் பெயர் மரே. டியூக்கின் மூத்த மகனை, அப்பா உயிரோடு இருக்கும்வரை, டல்லிபார்டின் மார்க்விஸ் என்று அழைப்பார்கள். அது மரியாதைக்கு அழைப்பதுதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. அப்பா கண்ணை மூடினால்தான் மகன் டியூக். அந்தப் பெயருக்கு ஊர் எது என்றால் இந்த வயல்வெளிதான். 1446இல் டேவிட் மரே கட்டிய இந்தத் தேவாலயத்தில்தான் குடும்பத்தின் முன்னோர்களைப் புதைத்திருக்கிறார்கள். குடியிருந்த கோட்டை இடிந்து மண்ணோடு போய்விட்டது. டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். உள்ளே ஈரக் கல்லின் குளிர். சுவரில் குடும்பச் சின்னங்கள், மேலே மரக்கூரை. மாமா மங்கி குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தால் முன் டயர் தரையோடு தரையாக இருந்தது. இந்தக் காலத்து வாடகை கார்களில் ஸ்டெப்னி வைப்பதில்லை, ஒரு பசை டப்பாவும் காற்றடிக்கும் குட்டி மெஷினும்தான். பக்கவாட்டில் கிழிந்த டயருக்குப் பசை என்ன செய்யும்? போன் போட்டோம். “இரண்டு மணி நேரத்தில் ஆள் வரும்” என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதம், பதினொரு டிகிரி.

டிராக்டரில் போன ஒருவர் இறங்கி வந்து டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். என்ன மனுஷன் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் ஒரு பிளாஸ்கும் இரண்டு கோப்பையும், காகிதத்தில் சுற்றிய ஷார்ட்பிரெட்டுமாகத் திரும்பி வந்தார். “பிளாஸ்கை அந்தச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போங்கள்” என்றதோடு பேச்சு முடிந்தது. பெயர் கேட்கக்கூட இடம் தரவில்லை.

அந்த டீயைக் குடித்தபடி காருக்குள் உட்கார்ந்து மாமாவுக்கு முதல் டியூக்கின் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். மூத்தவன் ஜான். பட்டத்துக்குக் காத்திருந்தவன், 1709இல் மல்பிளாக்கே போரில் செத்துப்போனான். அடுத்தவன் வில்லியம், அவனுக்கு வாரிசுரிமை வந்தது. 1715இல் அரசுக்கு எதிராக, அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் ஆட்கள் கிளம்பியபோது அவர்களோடு சேர்ந்துகொண்டான். ராஜத்துரோகி என்று தீர்ப்பானது. நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு அடுத்த தம்பி ஜேம்ஸை வாரிசாக்கியது. வில்லியமோடு கலகத்துக்குப் போன இன்னும் இரண்டு தம்பிகளில் சார்லஸ் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, கடைசியில் தப்பினான். இன்னொரு தம்பி ஜார்ஜின் கதை, குடும்பத்தின் பிளேர் கோட்டைக்குப் போகும்போது வரும்.

“அதாவது மூத்தவன் இருக்கும்போதே இளையவன் பேர்ல பட்டா மாத்திட்டாங்க,” என்றார் மாமா. மீட்பு வண்டி வந்து சேர்ந்தபோது மணி ஆறு. வெளிச்சம் மட்டும் நண்பகல் போல இருந்தது.

ஜூன் 4, புதன். டன்கெல்ட்

புது டயருக்கு 112 பவுண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே காலைச் சாப்பாடு முடிந்தது.

டன்கெல்ட் ஒரே தெரு அளவு ஊர். வெள்ளை வீடுகள், பக்கத்தில் டே நதி. பாதி இடிந்த பேராலயத்துக்கு அருகே ஒரு லார்ச் மரம் நிற்கிறது. 1738இல் ஆல்ப்ஸ் பக்கத்திலிருந்து கொண்டு வந்து நட்ட கன்றுகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். சுற்றுவட்டார மலைகளில் இருக்கும் எத்தனையோ லார்ச் மரங்களுக்கு இதன் விதைதான் மூலம். நட்டவர் ஜேம்ஸ், அண்ணனின் இடத்தில் டியூக் ஆனவர். அவர் காலத்தில் தொடங்கிய நடவு பேரன், 4ஆம் டியூக் காலத்தில் கோடிக்கணக்கான மரங்களாகப் பெருகியது. எட்டாத பாறை உச்சிகளில் விதையைப் பீரங்கியில் வைத்துச் சுட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மாமா அந்தக் கதையை அப்படியே நம்பிவிட்டார், நான் கெடுக்கவில்லை.

இந்த ஜேம்ஸுக்கு ஆண் வாரிசு தங்கவில்லை. ஷார்லட் என்று ஒரு மகள். சட்டப்படி பட்டம் போகவேண்டியது தம்பி ஜார்ஜின் மகன் ஜானுக்கு. ஆனால் ஜார்ஜ் ராஜத்துரோகி, நாடு கடந்து போனவர். துரோகியின் மகனுக்குப் பட்டம் போகுமா? ஜான் ஒரு காரியம் செய்தார். 1753இல் சித்தப்பா பெண் பெரியப்பா பெண் என்ற பேச்சுக்கெல்லாம் இடமில்லாத அந்த ஊரில் ஷார்லட்டையே கல்யாணம் செய்துகொண்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பங்காளி மகளையா?” ஆமாம். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அடுத்த மேசைக்காரி என்னமோ ஏதோ என்று திரும்பினாள்.

1764இல் ஜேம்ஸ் இறந்ததும் விஷயம் பிரபுக்கள் சபைக்குப் போனது. தீர்ப்பு ஜானுக்குச் சாதகம், 3ஆம் டியூக் ஆனார். மனைவி வழியாக இன்னொன்றும் வந்தது: ஐரிஷ் கடலில் இருக்கும் மான் தீவு (Isle of Man). ஆம், முழுத் தீவு. அவர்கள் அதன் ஆட்சியாளர்களாகவே இருந்தார்கள். தீவு முழுக்கக் கள்ளக் கடத்தல். லண்டன் கஜானாவுக்கு வரவேண்டிய வரியெல்லாம் அங்கே ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. 1765இல் அரசு 70,000 பவுண்டு கொடுத்துத் தீவின் ஆட்சியுரிமையை வாங்கிக்கொண்டது. மாமா காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, அந்தத் தொகையை யார் மதிப்பிட்டார்கள், வழிகாட்டி மதிப்பு என்ன என்று விசாரித்தார். அந்த விவரத்துக்கு நான் எங்கே போவேன்?

மதியம் ஹெர்மிடேஜ் போனோம். பிரான் ஆறு பாறைகளுக்கு நடுவே விழும் இடத்தில், அருவியைப் பார்த்தபடி ஒரு கல் மண்டபம். 1757இல், இன்னும் வாரிசாக இருந்த காலத்தில், ஜான் கட்டியது. அந்தக் காலத்தில் உள்ளே கண்ணாடிகள் பதித்து, வருகிறவர்களைத் திடீரென்று அருவிக்கு நடுவே நிற்பது போல் திகைக்க வைப்பார்களாம். மாமனாரும் பெரியப்பாவுமான ஒருவர் கண்ணை மூடக் காத்திருக்கும் மனிதனுக்கு வேறு என்ன வேலை, அருவி பார்க்க அறை கட்டலாம். சுற்றிலும் டக்ளஸ் ஃபர் மரங்கள், கழுத்து வலிக்க நிமிர்ந்தாலும் உச்சி தெரியாத உயரம். பத்து வருடம்தான் டியூக்காக இருந்தார். 1774இல் டே நதியில் மூழ்கி இறந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹேகிஸ். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் ஓட்ஸும் வெங்காயமும் மிளகும் சேர்த்து வேகவைத்தது. கூட மசித்த டர்னிப், மசித்த உருளை. 16 பவுண்டு. இங்கிலாந்தில் என் அலுவலக நண்பர்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். மாமா வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “இதுல என்ன இருக்கு பயப்பட?” என்றார். பரிமாறிய பையன் மகிழ்ந்து போய் இன்னொரு கரண்டி கொண்டுவந்து வைத்தான். அதற்குக் காசு போடவில்லை.

ஜூன் 5, வியாழன். பிளேர் அதோல்

வெள்ளைப் பூச்சு பூசிய கோட்டை, பின்னால் பச்சை மலை. வாசலில் கில்ட் கட்டிய ஒருவர் பைப் வாசித்துக்கொண்டிருந்தார். நுழைவுக் கட்டணம் இருபது பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூத்தவர்களுக்குச் சலுகை உண்டு என்று மாமாவே பலகையில் கண்டுபிடித்துவிட்டார்.

நுழைந்ததும் கூடம். கூரைவரை துப்பாக்கிகளும் வாள்களும் கேடயங்களும் விசிறி போல விரித்து மாட்டியிருக்கிறார்கள். முப்பது அறைகளாவது இருக்கும், நம் போக்கில் நடந்து பார்க்கலாம். அறைக்கு அறை ஒரு வழிகாட்டி நிற்கிறார். கேட்டால் மட்டும் பேசுவார்கள். கேட்டுவிட்டால் நிறுத்த மாட்டார்கள்.

மாடியில் ஓர் அம்மாளிடம் 1746 முற்றுகையைக் கேட்டேன். உற்சாகமாகிவிட்டார். பிரிட்டனில் கடைசியாக முற்றுகையிடப்பட்ட கோட்டை இது. முற்றுகை போட்டவர் யார்? இந்த வீட்டுப் பிள்ளை, ஜார்ஜ் மரே! உள்ளே இருந்தது அரசுப் படை, தலைவர் ஆண்ட்ரூ அக்னியூ. வீட்டுச் சொந்தக்காரர் ஜேம்ஸ், அரசு பக்கம். ஜார்ஜும் வில்லியமும் அரியணையைத் திரும்பப் பிடிக்க வந்த ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் பக்கம். தன் சொந்த வீட்டின் மேல் தானே பீரங்கி வைத்து, பழுக்கக் காய்ச்சிய குண்டுகளை எறிந்தார் ஜார்ஜ். உள்ளே இருந்தவர்கள் விழுந்த குண்டுகளைக் கரண்டியால் அள்ளித் தொட்டியில் போட்டு அணைத்தார்கள்.

அக்னியூவின் கோபம் ஊரறிந்தது. சரணடையச் சொல்லும் கடிதத்தைக் கொண்டுபோக ஆண்கள் யாருக்கும் தைரியமில்லை. சத்திரத்தில் வேலை செய்த மோலி என்ற பெண்ணைப் பிடித்து அனுப்பினார்கள். அவளுக்கு உள்ளே இருந்த சிப்பாய்களைத் தெரியும், சுட மாட்டார்கள் என்று நம்பிப் போனாள். அக்னியூ போட்ட சத்தம் கேட்டு வந்த வழியே ஓடி வந்தாள். இன்னொரு நாள் அவருடைய ஆட்களே அவருடைய கோட்டு ஒன்றை ஒரு பொம்மைக்கு மாட்டி, கையில் தொலைநோக்கியும் கொடுத்து ஜன்னலில் நிறுத்திவிட்டார்கள். வெளியே இருந்தவர்கள் அதைக் குறிபார்த்துச் சுட்டுத் தள்ளினார்கள். கிழவருக்கு விஷயம் தெரிந்ததும், நிறுத்தியவனே போய் எடுக்கட்டும் என்று குண்டு மழைக்குள் அனுப்பினாராம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று பொம்மையாகவே நடித்துக் காட்டினார். பின்னால் வந்த ஜெர்மன் குடும்பம் கைதட்டியது.

கோட்டை விழவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில், அரசுப் படை நெருங்குகிறது என்று ஜார்ஜை இன்வெர்னஸுக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் கல்லோடன் போரில் இளவரசர் தோற்றார், எல்லாம் முடிந்தது. ஜார்ஜ் நாட்டை விட்டு ஓடி, 1760இல் ஹாலந்தில் மெடெம்பிளிக் என்ற ஊரில் இறந்தார்.

குடும்பம் வேண்டுமென்றே இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தியது, யார் ஜெயித்தாலும் சொத்து தப்பும் என்ற கணக்கு என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பின்னால் வந்த புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது. வில்லியம் முப்பது வருடம் போனதைத் திரும்ப எடுக்க அலைந்தவர். ஜேம்ஸ் கிடைத்ததை விடாமல் பிடித்துக்கொண்டவர். இதில் கூட்டுத் திட்டம் எங்கே இருக்கிறது? மாமா என் பக்கம். “சொத்துன்னு வந்துட்டா யாரு மாப்ளே கலந்து பேசுறாங்க?” முப்பத்தைந்து வருட சர்வீஸ் பேசியது.

வரவேற்பறையில் ஜோஃபனி வரைந்த பெரிய ஓவியம். நம் 3ஆம் டியூக்கும் ஷார்லட்டும் ஏழு பிள்ளைகளும் டே நதிக்கரையில். மரத்தில் அவர்கள் வளர்த்த ஒரு லெமூர். தலைக்கு 20 கினி வீதம் ஒன்பது தலைக்குக் கூலி வாங்கினாராம் ஓவியர். லெமூருக்குக் கணக்கில்லை என்பதை மாமா கவனித்தார். இதே ஜோஃபனி பின்னாளில் 1783இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவிலும் லக்னோவிலும் நவாபுகளையும் கம்பெனி அதிகாரிகளையும் வரைந்தார்.

அதே 1783இல் இந்தியாவுக்கு வராமல் போனவர்களும் உண்டு. ஓவியத்தில் பிள்ளையாக இருக்கும் 4ஆம் டியூக் வளர்ந்து, 1777இல் 77ஆம் படைப்பிரிவைத் திரட்டினார், அதோல் ஹைலேண்டர்ஸ் என்று பெயர். அமெரிக்கப் போர் முடியும்வரை என்று பேசித்தான் ஆட்கள் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் போர்ட்ஸ்மவுத்தில் வைத்துக் கிழக்கிந்தியாவுக்குக் கப்பல் ஏறச் சொன்னார்கள். அப்போது கர்நாடகப் பகுதியில் மைசூரோடு போர் நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் முடியாது என்று கலகம் செய்தார்கள், கலகத்துக்குப் பணிந்து படையையே கலைத்துவிட்டார்கள். மாமா அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

இன்று அதே பெயரில் டியூக்குக்குத் தனிப் படை ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் சட்டப்படி உள்ள ஒரே தனியார் படை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதன் பிறப்பும் ஒரு வாரிசின் கையால்தான். 5ஆம் டியூக் மனநலம் குன்றி லண்டனில் ஒதுங்கி வாழ்ந்தார். அவருக்குப் பின் பட்டத்துக்குக் காத்திருந்த தம்பி மகன், கிளென்லயன் பிரபு, 1839இல் எக்லின்டனில் யாரோ பணக்காரர் நடத்திய பழங்கால வீரர் போட்டிக்குத் தன் ஊர் ஆட்களுக்கு கில்ட் மாட்டிக் கூட்டிக்கொண்டு போனார். போட்டி மழையில் கரைந்தது. படை மட்டும் நிலைத்துவிட்டது. அவர் 1846இல் 6ஆம் டியூக் ஆவதற்கு முன்னாலேயே, 1844இல் இங்கே வந்து தங்கிய விக்டோரியா ராணி மறு வருடம் படைக்குக் கொடி வழங்கினார். வருடா வருடம் மே கடைசியில் அணிவகுப்பு. நாங்கள் வந்தது அது முடிந்த பிறகு.

நடன மண்டபம் முழுக்க மான் கொம்புகள், சுவர் தெரியாத அளவுக்கு. அதற்குப் பக்கத்து அறைகளில் 8ஆம் டியூக். டல்லிபார்டின் மார்க்விஸாக இருந்தபோதே ஓம்டர்மன் போர், தென்னாப்பிரிக்கப் போர், சொந்தமாகத் திரட்டிய ஸ்காட்டிஷ் ஹார்ஸ் படை, நாடாளுமன்ற உறுப்பினர் பதவி என்று ஓடியவர். என்னைக் கேட்டால் அவரைவிடச் சுவாரசியமானவர் அவர் மனைவி கேத்ரின். 1923இல் ஸ்காட்லாந்திலிருந்து நாடாளுமன்றம் போன முதல் பெண். கட்சி கன்சர்வேட்டிவ். ஆனால் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் பேசியதால் சிவப்பு டச்சஸ் என்றே பெயர் வந்துவிட்டது. ஹிட்லரோடு செய்த மியூனிக் ஒப்பந்தத்தை எதிர்த்து 1938இல் பதவியை விட்டு, இடைத்தேர்தலில் நின்று தோற்றார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இப்போது மாமாவின் அந்த “அப்புறம்?”. 8ஆம் டியூக்குக்கு வாரிசில்லை. ஒரு தம்பி 1914இல் போர்முனையில் இறந்தார். இன்னொரு தம்பி 9ஆம் டியூக், பிரம்மச்சாரி, 1957இல் காலமானார். அந்தக் கிளையே அதோடு முடிந்தது. பட்டம் 3ஆம் டியூக்கின் இன்னொரு மகன் வழியில், பிஷப்பாக இருந்தவரின் வம்சத்தில், இருபத்தைந்து வயது இயன் மரேயிடம் போய்ச் சேர்ந்தது. ஆறடி ஐந்து அங்குல உயரம். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1996இல் அவர் இறந்தபோது கோட்டையையும் பெரும்பகுதி நிலத்தையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார். 1,40,000 ஏக்கருக்கு மேல்.

பட்டம் மட்டும் சட்டப்படி அடுத்த பங்காளிக்குப் போனது. அவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தென்னாப்பிரிக்கர். தொழில், நில அளவை.

“சர்வேயரா!” மாமாவின் குரலுக்கு அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாழ்நாள் முழுக்க ஊரான் நிலத்தை அளந்த மனுஷனுக்கு டியூக் பட்டம் வருகிறது, அளக்க ஒரு சென்ட் நிலம் வரவில்லை. அவர் அங்கேயே இருந்துகொண்டு, வருடம் ஒருமுறை வந்து படையைப் பார்வையிட்டுவிட்டுப் போவார். 2012இல் அவர் இறந்ததும் பட்டம் மகனுக்கு. அவருக்குப் பின் வர இருக்கும் வாரிசுக்கும் டல்லிபார்டின் மார்க்விஸ் என்றுதான் பெயர், நாம் டயர் கிழித்துக்கொண்ட அந்த வயல்வெளியின் பெயர். மாமா வழிகாட்டி அம்மாளிடம், உயிலை எதிர்த்து யாரும் வழக்குப் போடவில்லையா என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

மயில்கள் புல்வெளியில் திரிந்தன. டீக்கடையில் சூப் 7 பவுண்டு, ஸ்கோன் 4. ஊருக்குள் இன்னும் மாவு அரைக்கும் பழைய நீர்ச்சக்கர ஆலை ஒன்று இருக்கிறது. அங்கே அரைத்த ஓட்ஸில் செய்த ரொட்டி அதைவிட மலிவு, அதைவிட ருசி.

ஜூன் 6, வெள்ளி. புருவார்

மழை. காலையில் பழைய பிளேரில் கூரையில்லாத செயின்ட் பிரைட் தேவாலயம். 1689இல் கில்லிகிராங்கிப் போரில் ஜெயித்த கையோடு இறந்த டண்டீ பிரபுவை இங்கேதான் புதைத்திருக்கிறார்கள். மழையில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

புருவார் அருவிக்கு 1787இல் ராபர்ட் பர்ன்ஸ் வந்தபோது சுற்றிலும் மொட்டைப் பாறை. அருவியே 4ஆம் டியூக்குக்கு மனு எழுதுவது போல, எனக்கு நிழல் கொடுங்கள் என்று ஒரு கவிதை எழுதினார். டியூக் மரம் நட்டுவிட்டார். மனு கொடுத்து வேலை நடந்தது என்பதில் மாமாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. கீழே ஒரு பெரிய கடை. ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து விலைச்சீட்டைப் பார்த்தார், 240 பவுண்டு. மடிப்பு கலையாமல் திரும்ப வைத்தார்.

ஜூன் 7, சனி. கிளென்ஃபினன்

இரண்டரை மணி நேரம் என்றது போன். லாகன் வழியாக வளைந்து வளைந்து மூன்றரை ஆனது. வழியில் செம்மறிகள் சாலையில் படுத்துக்கொண்டு எழ மறுத்தன. முன்னால் நின்ற தபால் வேன்காரர் இறங்கி அவற்றோடு பேசி எழுப்பினார்.

கிளென்ஃபினனில் கூட்டம் தாங்கவில்லை. கார் நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போனது. எல்லாரும் இருபத்தோரு வளைவுப் பாலத்தில் புகை விட்டுப் போகும் ரயிலைப் பார்க்க மலையேறுகிறார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம், ஏரிக்கரையில் இருக்கும் நினைவுத் தூணுக்கு நடந்தோம். 1815இல் கட்டியது. உச்சியில் இருப்பது இளவரசர் சார்லஸ் என்று பலர் போட்டோ எடுக்கிறார்கள். அது பெயரில்லாத ஒரு மலைநாட்டு வீரன்.

வில்லியம் மரேக்கு இதுதான் பெரிய நாள்: 1745 ஆகஸ்ட் 19. பட்டம் பறிபோய் முப்பது வருடம் ஆகியிருந்தது. நடுவில் 1719இல் ஸ்பானிய வீரர்களோடு திரும்பி வந்து கிளென்ஷீலில் தோற்று, தலைக்கு விலை வைக்கப்பட்டு, மறுபடியும் பிரான்சுக்கு ஓடியவர். அங்கே வறுமை, மூட்டு நோய். 1724இல் அப்பா இறந்ததிலிருந்து அவரோடு இருந்தவர்கள் அவரை டியூக் வில்லியம் என்றே அழைத்தார்கள், சட்டத்தின் கண்ணில் அவர் யாருமில்லை. ஐம்பத்தாறு வயதில் இளவரசரோடு ஒரே கப்பலில் வந்து இறங்கி, இந்தக் கரையில் கொடியை விரித்தார். நிற்க முடியாததால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு வாரத்துக்குள் பிளேர் கோட்டைக்குள் நுழைந்தார், தம்பி ஜேம்ஸ் முன்னமே தெற்கே போய்விட்டார். சொந்த வீட்டுக்குள் வீட்டுக்காரராக நுழைந்த அந்த நாட்களைத்தான் நான் நேற்று முன்தினம் கோட்டையில் தேடினேன். ஓவியங்களுக்கும் கொம்புகளுக்கும் நடுவே அவருக்குக் கொஞ்சம் இடம்தான் இருக்கிறது.

கல்லோடனுக்குப் பிறகு ஏப்ரல் கடைசியில் நடக்க முடியாமல் சரணடைந்தார். லண்டன் கோபுரச் சிறையில், விசாரணைக்கு முன்பே, 1746 ஜூலை 9 அன்று இறந்தார். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. அவருக்குக் கொடுக்காத பட்டத்தை அதே துரோகக் குற்றம் சாட்டப்பட்ட தம்பியின் மகனுக்குப் பதினெட்டு வருடம் கழித்துக் கொடுத்தார்கள். இதில் நியாயம் எங்கே என்று மாமா தூணைச் சுற்றி வந்து கேட்டார். மகன் ஜான் அரசுப் படையில் இருந்தவர், மனைவி டியூக்கின் மகள், அதுதான் வித்தியாசம் என்றேன். “ஆக, சரியான இடத்துல சம்பந்தம் பண்ணியிருக்கான்,” என்று முடித்தார்.

காற்று நின்றதும் மிட்ஜ் பூச்சிகள் கிளம்பின. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் காதுக்குள், மூக்குக்குள், மங்கி குல்லாய்க்குள். ரயில் பார்க்க மலையேறினவர்கள் கையை வீசிக்கொண்டே இறங்கி ஓடிவந்தார்கள். நாங்களும் ஓடினோம். ஃபோர்ட் வில்லியமில் மீனும் சிப்ஸும் வாங்கி, காருக்குள் ஜன்னலை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டோம். 13 பவுண்டு, ஒரு பொட்டலமே இரண்டு பேருக்குப் போதும். மாமா வினிகர் வேண்டாம் என்றார், உப்பு மட்டும் போட்டுக்கொண்டார். நாளைக்கு கிளென்ஷீல் போகலாமா என்று வரைபடத்தை விரித்திருக்கிறார்.